பெண்களுக்கு வரும் தொடை இடுக்குக் குடலிறக்கம்: வீக்கத்தைக் கண்டறிவது முதல் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்கள் வரை

என் வலது தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கத்தை முதன்முதலாகக் கண்ட நாளிலிருந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாள் வரை 14 மாதங்கள் ஆயின. அவற்றில் 13 மாதங்கள் நோயின் பெயரைத் தெரிந்துகொள்வதிலேயே கழிந்தன. முதல் மருத்துவர் நெறி கட்டியிருக்கிறது என்றார். இரண்டாமவர் இடுப்பு மூட்டைப் படம் எடுத்துப் பார்த்தார். மூன்றாமவர் கருப்பையைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். ஹெர்னியா ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் எனக்கும் இருந்ததால் நானும் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. வாழ்நாளில் ஆண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்த இடத்தில் குடலிறக்கம் வருகிறது. பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கே வருகிறது. அந்த மூன்று பேரில் ஒருவராக நீங்கள் இருக்கக்கூடும் என்றால், நான் தடுமாறிய இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்கள் காலத்தை மிச்சப்படுத்தும். நான் மருத்துவர் அல்ல. உங்கள் உடலுக்கு எது சரி என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்களை நேரில் சோதிக்கும் மருத்துவரே.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

படுத்தால் உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரென்று உள்ளே போகாமல் கெட்டியாகித் தொட்டாலே வலித்தாலோ, அதன் மேல்தோல் சிவந்தாலோ, வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்து காற்றும் மலமும் வெளியேறாமல் நின்றுபோனாலோ, மேற்கொண்டு படிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். குடல் நெரிபட்டு இரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கக்கூடும்; அந்நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். வீக்கத்தை நீங்களே பலமாக அழுத்தி உள்ளே தள்ள வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் எதுவும் சாப்பிடாமல் செல்வது நல்லது.

இதில் பலர் விழும் ஒரு குழி உண்டு. வயதான பெண்களுக்கு வீக்கம் மிகச் சிறியதாக, தொடை மடிப்புக்குள் மறைந்திருக்கும். அவர்கள் வாந்தி என்று சொல்வார்களே தவிர இடுக்கைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். மருத்துவரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்வார். அம்மாவையோ மாமியாரையோ அப்படி அழைத்துச் செல்ல நேர்ந்தால், கூச்சப்படாமல் இரண்டு தொடை இடுக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மிகவும் மெலிந்த மூதாட்டிகளுக்கு அப்டுரேட்டர் ஹெர்னியா என்ற அரிய வகையும் வருவதுண்டு. அதில் வெளியே வீக்கமே தெரியாது. உட்தொடையில் தொடங்கி முழங்கால் வரை இழுக்கும் வலியும் குடல் அடைப்பும் மட்டுமே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது சி.டி. ஸ்கேன்.

2. ஒரு வாரம் கவனித்துக் குறிப்பெழுதுங்கள்

அவசர நிலை இல்லையென்றால், மருத்துவரிடம் செல்லும் முன் ஒரு வாரத்துக் குறிப்பு உங்கள் கையில் இருக்கட்டும். வீக்கம் காலையில் இருக்கிறதா, மாலையில்தான் தெரிகிறதா, நின்றால், இருமினால், எடை தூக்கினால் பெரிதாகிறதா, படுத்தால் மறைகிறதா, தொடை மடிப்புக்கு மேலா, கீழா, மாதவிடாய் நாட்களில் மட்டும் வலி கூடுகிறதா என்பவற்றை எழுதுங்கள். வீக்கம் தெரியும் நேரத்தில், எழுந்து நின்ற நிலையில், கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேசையில் படுத்தவுடன் அந்த வீக்கம் ஒளிந்துகொள்ளும் என்பதை நான் இருமுறை அனுபவித்துவிட்டேன். மூன்றாவது முறை அந்தப் படம்தான் பேசியது.

மாதவிடாய் பற்றிய குறிப்புக்குக் காரணம் இருக்கிறது. கருப்பை உட்படலத் திசு இடுக்கில் வளர்ந்தாலும் அங்கே வீங்கி வலிக்கும். அது மாத வட்டத்தோடு கூடிக் குறையும். இது தவிர நெறிக்கட்டி, கொழுப்புக் கட்டி, தொடைச் சிரையின் புடைப்பு, கருப்பையிலிருந்து இடுக்கு வழியாக இறங்கும் வட்ட நாணை ஒட்டி நீர் கோத்து உருவாகும் நக் கால்வாய் நீர்க்கட்டி ஆகியவையும் குடலிறக்கம் போலவே தோன்றலாம். வீக்கமே இல்லாமல், நெடுநேரம் நின்றால் மட்டும் இடுக்கில் எரிச்சலும் இழுப்பும் உள்ள பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் குறிப்பேடு இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

3. சரியான மருத்துவரிடம் செல்லுங்கள்

பார்க்க வேண்டியவர் பொது அறுவை சிகிச்சை நிபுணர். அவர்களிலும் தொடை இடுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சையை, சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அடிக்கடி செய்பவர். மகப்பேறு மருத்துவரும் எலும்பு மருத்துவரும் தத்தம் துறையில் உள்ளதைத் தேடுவார்கள். அது அவர்கள் பிழையல்ல. சோதனை நிற்கவைத்தும் படுக்கவைத்தும், இருமச் சொல்லியும், இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். உங்களைப் படுக்கவைத்து மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால், நின்றுகொண்டு ஒருமுறை காட்டுகிறேன் என்று நீங்களே கேளுங்கள். பெண் உதவியாளர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

பெண் குழந்தைகளுக்கு இந்த வீக்கம் வந்தால் கணக்கு வேறு. அதற்குள் சினைப்பை இறங்கியிருக்கக்கூடும் என்பதால், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

4. ஸ்கேன் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆண்களுக்குப் பெரும்பாலும் கையால் சோதித்தாலே நோய் தெரிந்துவிடும். பெண்களுக்கு இடுக்குக் கால்வாய் குறுகலாகவும் வீக்கம் சிறிதாகவும் இருப்பதால் ஸ்கேன் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். என் முதல் ஸ்கேன் அறிக்கை இயல்பாக உள்ளது என்று வந்ததற்குக் காரணம், அசையாமல் படுத்திருந்த என் வயிற்றை மட்டும் பார்த்து அனுப்பியதுதான். பரிந்துரைச் சீட்டிலேயே வயிற்று ஸ்கேன் என்றுதான் எழுதியிருந்தது. அதை நான் படித்துப் பார்க்கவில்லை.

ஆகவே சீட்டில் நான்கு செய்திகள் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்: இரண்டு தொடை இடுக்குகளுக்கும் ஸ்கேன் என்பது, மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது, நிற்கவைத்தும் பார்க்க வேண்டும் என்பது, ஃபெமோரல் ஹெர்னியா உண்டா என்று குறிப்பாகத் தேட வேண்டும் என்பது. வீக்கம் மாலையில்தான் தெரியும் என்றால் மாலை நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். ஸ்கேன் செய்பவர் கருவியை வைக்கும்போது, வீக்கம் வரும் இடத்தை உங்கள் விரலால் சுட்டிக் காட்டுங்கள்.

ஃபெமோரல் என்ற சொல்லை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், பெண்களின் விஷயத்தில் முடிவுகள் பலவும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைகின்றன என்பதுதான். தொடை இடுக்கில் குடல் பிதுங்கி வர இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. தொடை மடிப்பை ஒட்டிக் குறுக்காக ஓடும் நாணுக்கு மேலே உள்ள கால்வாய் வழியாக வந்தால் அது இங்குவைனல் ஹெர்னியா. அந்த நாணுக்குக் கீழே, தொடைச் சிரைக்கு உட்புறமாக உள்ள குறுகிய இடைவெளியில் வந்தால் அது ஃபெமோரல் ஹெர்னியா. பெண்களுக்கும் இங்குவைனல்தான் அதிகம் வருகிறது. ஆனால் ஃபெமோரல் வகை ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. வாய் குறுகியதும் ஓரங்கள் விறைப்பானதுமான இடைவெளி என்பதால் அதில் நுழைந்த குடல் எளிதில் சிக்கிக்கொள்ளும். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் சிரமம்.

அல்ட்ராசவுண்டில் தெளிவு கிடைக்காமல் அறிகுறிகள் மட்டும் தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. அடுத்த படி. அதையும் முக்கச் சொல்லி எடுக்க முடியும். ஸ்கேன் இயல்பாக இருப்பதாக வந்தாலேயே குடலிறக்கம் இல்லை என்று முடிந்துவிடாது. அதே நேரத்தில், வலியோ வீக்கமோ எதுவும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் மிகச் சிறிய பிதுக்கத்துக்கு உடனே கத்தி வைக்க வேண்டியதில்லை என்ற கருத்தும் மருத்துவர்களிடையே உண்டு. அறிக்கையோடு படங்களையும் குறுந்தகட்டிலோ கோப்பாகவோ கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கச் செல்லும் இடத்தில் அறிக்கைத் தாளை விடப் படங்களையே பார்க்க விரும்புவார்கள்.

5. காத்திருக்கலாமா என்ற கேள்வி

தொந்தரவு தராத இங்குவைனல் ஹெர்னியா உள்ள ஆண்களிடம், இப்போதைக்குக் கவனித்து வரலாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. உறவினர்கள் அந்த அறிவுரையை உங்களுக்கும் சொல்வார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், பெண்களுக்குக் காலம் தாழ்த்தாமல் அறுவை சிகிச்சை செய்வதையே பரிந்துரைக்கின்றன. இங்குவைனல் என்று எண்ணப்படுவது ஃபெமோரலாக இருந்துவிடலாம் என்பது அதற்கு ஒரு காரணம். குடல் நெரிபடும் வாய்ப்பைக் கணக்கிட்டு 1991இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபெமோரல் வகையில் மூன்று மாதங்களுக்குள் 22 விழுக்காடும் 21 மாதங்களுக்குள் 45 விழுக்காடும் நெரிபட வாய்ப்புள்ளதாகத் தெரியவந்தது. இங்குவைனல் வகையில் மூன்று மாதங்களுக்குள் 2.8, இரண்டு ஆண்டுகளுக்குள் 4.5 விழுக்காடுகள்தாம். நான் 13 மாதங்களை நோயின் பெயர் தெரியாமல் ஓட்டியது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று இந்த எண்களைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஃபெமோரல் உறுதியானால் மாதக்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் தேதி கேளுங்கள்.

கர்ப்ப காலம் இதற்கு விலக்கு. கர்ப்பத்தின்போது இடுக்கில் புதிதாகத் தோன்றும் வீக்கம் பல நேரங்களில் குடலிறக்கமே அல்ல. வட்ட நாணில் உள்ள சிரைகள் புடைத்து நிற்பதுதான். டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரிந்தால் அது உறுதியாகும். பிரசவத்துக்குப் பின் அது தானாகவே வடிந்துவிடும் என்பதால், டாப்ளர் பார்க்காமல் கர்ப்பிணிக்கு அறுவை சிகிச்சைத் தேதி குறித்தால் கேள்வி கேளுங்கள். உண்மையான குடலிறக்கமாக இருந்தாலும், நெரிபடும் அறிகுறி இல்லாதவரை, பிரசவம் முடிந்து உடல் தேறிய பிறகே சரிசெய்வது வழக்கம்.

6. எந்த வகை அறுவை சிகிச்சை என்று கேட்டுத் தெளியுங்கள்

இடுக்கின் மேல்தோலைக் கீறி முன்புறமாகச் சென்று, மெஷ் எனப்படும் செயற்கை வலையை வைத்துத் தைக்கும் திறந்த முறை ஒன்று. அதில் மிகவும் வழக்கமானது லிக்டன்ஸ்டைன் முறை. சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரின் பின்புறத்திலிருந்து வலையை விரிக்கும் லேப்ராஸ்கோப்பி முறை மற்றொன்று. அதிலும் வயிற்றுக்குள் புகுந்து செல்வது டேப் என்றும், வயிற்றுக்குள் புகாமல் உறைக்கு வெளியே இடம் பிரித்துச் செல்வது டெப் என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டு பெயர்களும் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு, அந்தத் திறமையுள்ள மருத்துவர் கிடைக்கும் இடத்தில், வலை வைக்கும் லேப்ராஸ்கோப்பி முறையையே பன்னாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. பின்புறத்திலிருந்து பார்க்கும்போது இங்குவைனல், ஃபெமோரல், அப்டுரேட்டர் என்ற எல்லா வாய்களும் ஒரே பார்வையில் தெரியும். 10க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு வலை அவற்றை மூடிவிடும். லிக்டன்ஸ்டைன் முறையோ மேல் வாயை மட்டும் மூடுகிறது; கீழ் வாய் அப்படியே இருக்கும். முன்பு இங்குவைனல் என்று திறந்த முறையில் சரிசெய்யப்பட்டு, வீக்கம் திரும்பி வந்து மறுபடி அறுவை சிகிச்சைக்கு உள்ளான பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் ஃபெமோரல் ஹெர்னியா காணப்பட்டதாக ஸ்வீடன் நாட்டுப் பதிவேடு காட்டியது. என் ஸ்கேன் அறிக்கையும் இங்குவைனல் என்றே சொன்னது. கேமராவைச் செலுத்திய பிறகுதான் கீழே இருந்த ஃபெமோரல் வாயும் தெரிந்தது.

திறந்த முறை தவறு என்று இதற்குப் பொருளல்ல. பொதுமயக்கம் தாங்காத இதயமோ நுரையீரலோ உள்ளவருக்கு, இடத்தை மட்டும் மரக்கவைத்துத் திறந்த முறையில் செய்வதே பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் திறந்த முறை என்றால், ஃபெமோரல் வாயையும் திறந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பெண்களின் திறந்த அறுவை சிகிச்சையில் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். சிசேரியன் தழும்பு இருப்பது மட்டும் லேப்ராஸ்கோப்பிக்குத் தடையாகாது. ஆனால் மருத்துவர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. வட்ட நாணை வெட்டுவீர்களா, விட்டுவைப்பீர்களா என்பது ஒன்று. வலையைச் சரியாகப் பரப்ப அதைச் சில நேரங்களில் வெட்ட வேண்டியிருக்கும். அதன் அருகே ஓடும் உணர்வு நரம்பைக் காப்பாற்றும் வகையில் எங்கே வெட்டுவது என்று தேர்ந்த மருத்துவர்களுக்குத் தெரியும். பின்னாளில் குழந்தை பெறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதைச் சொல்லிவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நாள்பட்ட வலியைப் பற்றியது மற்றொன்று. தொடை இடுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் வலி ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. பெண்கள், இளம் வயதினர், முன்பே அந்த இடத்தில் கடும் வலி உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு கூடுதல். இதை மருத்துவர் தானாகச் சொல்லவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள்.

7. ஆவணங்களைச் சேர்த்துவையுங்கள்

அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, பரிந்துரைக் கடிதம், ஸ்கேன் அறிக்கையும் படங்களும், முந்தைய வயிற்று அறுவை சிகிச்சைகளின் டிஸ்சார்ஜ் சம்மரி, அளவோடு எழுதிய மருந்துப் பட்டியல், ஒவ்வாமைக் குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பழைய சிசேரியன் சம்மரி கிடைக்கவில்லை என்றால் அந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இப்போதே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கைக்கு வராது.

காப்பீட்டில் நான் இடறிய இடம் இது. பன்னாட்டு நோய்க் குறியீட்டில் இங்குவைனல் ஹெர்னியா கே40, ஃபெமோரல் ஹெர்னியா கே41. முன் அனுமதியில் கே40 என்று போட்டிருந்தார்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பில் இரண்டும் இருந்தன. முன் அனுமதி பெற்றது ஒன்று, செய்தது வேறொன்று என்று கோரிக்கை நிறுத்திவைக்கப்பட்டு, மருத்துவரின் விளக்கக் கடிதம் கிடைக்கும்வரை அலைய நேர்ந்தது. இங்குவைனலா ஃபெமோரலா என்பது அறுவை சிகிச்சையின்போதே உறுதியாகும் என்ற ஒரு வரியை முன் அனுமதிப் படிவத்திலேயே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

பல காப்பீட்டுத் திட்டங்களில் ஹெர்னியாவுக்கென்று காத்திருப்புக் காலம் உண்டு; பாலிசியை எடுத்துப் படியுங்கள். மேலும், வீக்கம் எப்போது வந்தது என்ற கேள்விக்கு "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்று பேச்சுவாக்கில் சொன்னால் அது அப்படியே பதிவாகி, பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்ற ஐயத்தைக் கிளப்பும். பொய் சொல்ல வேண்டாம். குறிப்பேட்டில் உள்ள தேதியை மட்டும் சொல்லுங்கள்.

8. செலவை எழுத்தில் கேளுங்கள்

மதிப்பீட்டில் மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்கு, வலை, வலையைப் பொருத்தும் பிணைப்பான்கள், படுக்கை, முன்பரிசோதனைகள் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு வலையையும் பிணைப்பான்களையும் பிறகு சேர்ப்பது அடிக்கடி நடப்பது. மறுபக்கத்திலும் குடலிறக்கம் தென்பட்டால் அப்போதே சரிசெய்வதா, அதற்கு எவ்வளவு கூடும். லேப்ராஸ்கோப்பியில் தொடங்கித் திறந்த முறைக்கு மாற நேர்ந்தால் கட்டணம் எப்படி மாறும். ஓரிரவு கூடுதலாகத் தங்கினால் என்ன என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். மறுபக்கத்துக்கு உங்கள் சம்மதம் ஒப்புதல் படிவத்திலும் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது உங்களைக் கேட்க முடியாது.

9. முந்தைய வாரங்களும் அறுவை சிகிச்சை நாளும்

புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், சர்க்கரை நோய் மருந்துகள் ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வதை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். சுயமாக நிறுத்த வேண்டாம். மாதவிடாய் வந்துவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பம் இல்லை என்ற பரிசோதனை கேட்பார்கள். பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். வீட்டிலேயே பிளேடால் முடியை மழிக்காதீர்கள். கீறல்களில் தொற்று வர வாய்ப்புண்டு. அரங்குக்குள் போகும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், ஏனெனில் நிரம்பிய சிறுநீர்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் நிற்கும்.

சிக்கலில்லாத அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்தை ஒட்டியே முடியும். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். முதல் இரவு ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

10. வீடு திரும்பிய பிறகு

முதல் சில நாட்களில் இடுக்கிலும் பிறப்புறுப்பின் வெளி இதழ்களிலும் வீக்கமும் நீலம் பாய்ந்த நிறமும் தெரியலாம். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் பயந்துபோனேன். அது தானாகவே வடிந்தது. பழைய இடத்திலேயே மறுபடி ஒரு மேடு தெரிந்தால், பெரும்பாலும் அது வெற்றிடத்தில் கோத்த நீர்தான். சில வாரங்களில் வற்றிவிடும். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வலி மாத்திரைகளைக் குறித்த நேரத்தில் போடுங்கள்; மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், நிற்காத வாந்தி, ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் வராமை, கூடிக்கொண்டே போகும் வலி, புண்ணில் சீழ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் உடனே தொடர்புகொள்ளுங்கள்.

நடப்பதை அன்றே தொடங்கலாம். மூன்று முதல் ஐந்து நாட்களில் வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்பதே இப்போதைய பரிந்துரை. மூன்று மாதம் குனியக் கூடாது என்பதெல்லாம் பழைய பேச்சு. மேசை வேலை செய்பவர்கள் ஒன்றிரண்டு வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள். எடை தூக்கும் வேலை என்றால் மருத்துவரிடம் தேதி குறித்து வாங்குங்கள். விடுப்புச் சான்றிதழில் எடை தூக்கும் வரம்பையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டு வேலையும் எடை தூக்கும் வேலைதான் என்பதை வீட்டாருக்கு நினைவூட்ட அந்தத் தாள் எனக்குப் பயன்பட்டது.

புறப்படும் முன் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும், உங்கள் உடலில் வைத்த வலையின் பெயர், அளவு, தொகுப்பு எண் உள்ள ஒட்டுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்று மாதங்களுக்குப் பிறகும் எரிச்சலோ மரத்த உணர்வோ நடையைத் தடுக்கும் வலியோ இருந்தால், உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவரிடமே முதலில் செல்லுங்கள். அங்கே பயனில்லாமல் வேறொருவரைப் பார்க்க நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.